என் கை எனக்கு வேண்டும்

கட்டியை நான் கண்டுபிடித்தது பீலிக்கரையில். பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் எல்லாரும் குளிக்கிற தண்ணீர்ப் பீலி அது. மார்கழிக் குளிர். சோப்பு வழுக்கிப் போன இடத்தில், இடது மார்பின் ஓரம், கக்கத்துக்குச் சற்று முன்னால், விரல் எதிலோ தடுக்கியது. அவரைக்கொட்டை அளவு இருக்கும். அழுத்தினால் வலிக்கவில்லை. தள்ளினால் நகரவில்லை. தலையில் தண்ணீர் கொட்டுவதையும் மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னக்கா, பீலியிலயே தூங்கிட்டீங்களா? நாங்களும் குளிக்கணும்ல" என்று பின்னால் நின்றவள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. யுத்த நிறுத்தம் வந்து ரோட்டில் செக்பொயின்ட் குறைந்திருந்த காலம். கொழுந்து பறிப்பதுதான் தொழில். எங்கள் மலையில் வேகமாகப் பறிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னை அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது என் இரண்டு கைகளால்தான்.

அது என்ன கட்டி என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லிந்துலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்காவுக்குத் தொண்ணூறுகளில் இதே நோய் வந்தது. மார்பை எடுத்தார்கள். அதோடு கக்கத்துக்குள் இருந்த நெறிகளையெல்லாம், அந்தச் சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகளை, ஒன்றுவிடாமல் வழித்து எடுத்தார்கள். நோய் எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் வேறு வழி கிடையாது. அக்கா பிழைத்தாள். ஆனால் சில மாதங்களில் அந்தப் பக்கத்துக் கை வீங்க ஆரம்பித்தது. முழங்கையிலிருந்து விரல்வரை, தலையணைக்குள் பஞ்சு அடைத்ததுபோல. வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். வெட்டி எடுத்த நெறியெல்லாம் கையிலிருந்து நீர் வடிகிற வழி என்று அவளுக்கு யாரும் முன்னாலேயே சொல்லியிருக்கவில்லை. அந்தக் கையோடு மலைக்குப் போனாள். தேயிலைச் செடியின் கீறல் பட்டாலே கை சிவந்து காய்ச்சல் வந்தது. பறித்தது நிறைக்குக் காணவில்லை என்று அரைப்பேர் போட்டார்கள். அரைநாள் சம்பளம். பிறகு அவளாகவே நின்றுவிட்டாள்.

நான் கட்டியைப் பற்றிச் சொன்னதும் அக்கா அழவில்லை. நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாரு தங்கச்சி. மாரு போனா போகட்டும், சட்டையைப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? கையைக் குடுத்துடாத. வெட்டுறதுக்கு முன்னாடி கேளு. நான் கேக்கல. கேக்கலாம்னே எனக்குத் தெரியாது."

அந்தப் பேச்சு எனக்குள் ஒரு பிடிவாதமாக இறங்கியது.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் டொக்டர் இல்லை. மருந்து கொடுக்கப் படித்தவர். நாங்கள் டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டார்.

"புள்ளைக்குப் பால் குடுக்கிறியா?"

"எம் பொண்ணு எட்டாவது படிக்குதுங்கய்யா."

"அப்ப கொழுப்புக் கட்டியா இருக்கும். கூடைக் கயிறு அழுத்துறதால வர்றது. சுடுதண்ணி ஒத்தடம் குடு." தைலம் ஒரு போத்தல் நீட்டினார்.

"கூடைக் கயிறு தலையிலதானுங்கய்யா போடுறோம். மாரு மேல இல்லையே. எனக்குப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுங்க."

"நான் சொல்றேன்ல? தைலத்தைப் போட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு வா."

தைலத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, வாசலில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். துண்டு தராமல் எழும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல்காரர்கள், இருமல்காரர்கள், கையைக் கத்தியில் வெட்டிக்கொண்டவன் என்று ஒவ்வொருத்தராக வந்து போனார்கள். எல்லாரும் என்ன ஏது என்று கேட்டார்கள். நான் மறைக்கவில்லை. "மாருல கட்டி. ஐயா துண்டு தர மாட்டேங்கிறாரு" என்று உரக்கச் சொன்னேன். ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை. மத்தியானம் டிஸ்பென்சரியைப் பூட்டுகிற நேரத்தில் துண்டை எழுதி, மூஞ்சியைப் பார்க்காமல் நீட்டினார்.

என் வீட்டுக்காரருக்கு இது வெட்கமாக இருந்தது. கட்டி வந்ததைவிட, நான் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதுதான் அவரைச் சுட்டது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் ஆம்பளைகள் எல்லாம் விசாரித்தார்களாம்.

"பொம்பள சமாச்சாரத்தை இப்படியா லயம் பூரா சொல்லுவ?"

"வயித்துல கட்டி வந்தா சொல்ல மாட்டேனா? இதுவும் என் ஒடம்புதாங்க."

அவர் எழும்பி வெளியே போய்விட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் எனக்கு முன்னால் எழுந்து, ரொட்டி சுட்டு, சம்பல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அவர் ரொட்டி சுட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கரிந்திருந்தது. பஸ்ஸில் அதைத் தின்னும்போதுதான் அந்த மனிதர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

கண்டிப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி. கிளினிக்கில் ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த தடவை போனபோது முடிவைச் சொன்னது யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, புதிதாக வந்த சின்ன டொக்டர். மெலிந்த உடம்பு, ஒற்றைப் பின்னல். தமிழ் டொக்டர் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் தமிழைப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. உங்கட கட்டி நல்ல கட்டி இல்லை. கான்சர்தான். ஆனா நீங்கள் வேளைக்கு வந்திட்டியள். விளங்குதே?"

"வெளங்குதுங்க. வேலைக்கு வந்துட்டேன்னு ஏன் சொல்றீங்க? இன்னைக்கு லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அந்தப் பிள்ளை ஒரு நிமிடம் முழித்துவிட்டுச் சிரித்தது. வேளைக்கு என்றால் யாழ்ப்பாணத்தில் சீக்கிரமாக என்று அர்த்தமாம். கான்சர் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். வரிசையில் இருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் பிடித்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஒப்பரேஷனுக்கு வார்டில் சேர்த்தது மே மாதத்தில். என் பக்கத்துக் கட்டிலில் கம்பளைப் பக்கத்துச் சிங்கள டீச்சர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே நோய், என் அளவே கட்டி. நல்ல மனுஷி. தன் போத்தலில் இருந்த சுடுதண்ணீரை எனக்கும் ஊற்றிக் கொடுப்பார். எனக்குச் சிங்களம் தெரியும். பத்து வயதில் என்னைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பாத்திரம் கழுவிக் கழுவி என் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போன அந்த வருடங்களில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சாமான் அந்தப் பாஷைதான்.

டீச்சர்தான் சொன்னார், தனக்கு ஒப்பரேஷனுக்கு முன்னால் புது மாதிரி ஊசி ஒன்று போடப் போகிறார்கள் என்று. அந்த மருந்து போய் நிற்கிற நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பார்களாம். அதில் நோய் இல்லை என்றால் கக்கத்தை வழிக்க மாட்டார்களாம். "எனக்குக் கரும்பலகையில எழுதணுமே, கை முக்கியம்" என்றார்.

என் காதில் அக்காவின் குரல் கேட்டது. எனக்கும் போடுவார்களா என்று சின்ன டொக்டரிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னது.

"கான்சர் கட்டியில இருந்து வெளிக்கிட்டா முதல்ல கக்கத்துக்குள்ள இருக்கிற நெறிக்குத்தான் போகும். அங்க கனக்க நெறி இருக்கு. அதில முன்னுக்கு நிக்கிற நெறிக்குக் காவல் நெறி எண்டு பேர். அது எது எண்டு கண்ணால பாத்துச் சொல்லேலாது. அதுதான் இந்தத் துகள். நானோ துகள் எண்டு சொல்லுறது. புரதத்தில செய்து, அதில கதிர் வீசுற மருந்தை ஒட்டி வச்சிருக்கினம். கட்டிக்குப் பக்கத்தில ஊசி போட்டா அது கான்சர் போற அதே பாதையால போய் அந்தக் காவல் நெறியில நிக்கும். கமரா வச்சுப் பாத்தா தெரியும்."

"எவ்வளவு சின்னதுங்க அது?"

அந்தப் பிள்ளை என் தலையிலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு மயிரை எடுத்துக் காட்டியது. "இந்த மயிரின்ட தடிப்பில ஆயிரத்தில ஒரு பங்கு. அதைவிடப் பெரிசா இருந்தா ஊசி போட்ட இடத்திலயே நிண்டுடும். மெத்தச் சின்னனா இருந்தா எல்லா நெறியையும் தாண்டி ஓடிடும்."

அது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற இடத்தைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சல்லடையில் எது நிற்க வேண்டும் என்பது தூளின் அளவைப் பொறுத்தது. சரி, என் உடம்பிலும் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் முதல் கண்ணில் என்ன நிற்கிறது என்று பார்க்கட்டும்.

"அப்ப எனக்கும் போடுவீங்கதானே?"

அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. "அது பெரிய டொக்டர்தான் முடிவெடுக்கிறது அம்மா. நாளைக்கு வார்டைப் பாக்க வருவார்."

மறுநாள் காலை பெரிய டொக்டர் வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. பின்னால் ஒரு கூட்டம். டீச்சரிடம் நின்று, அந்த ஊசியைப் பற்றிப் பொறுமையாகப் பேசினார். என் கட்டிலுக்கு வந்ததும் அட்டையைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடம் சிங்களத்தில் சொன்னார்:

"இவங்களுக்கு அது வேண்டாம். எஸ்டேட் ஆள். நெறியில நோய் இருந்தா ரெண்டாவது ஒப்பரேஷனுக்குக் கூப்பிடணும். இவங்க திரும்பி வரமாட்டாங்க. ஒரே தடவையில எல்லாத்தையும் எடுத்துடுவோம்."

சின்ன டொக்டர் தலையைக் குனிந்துகொண்டது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். காலைத் தொங்கப் போட்டு, சேலையைச் சரி செய்துகொண்டேன்.

"மட்ட சிங்ஹல தேரெனவா, தொஸ்தர மாத்தயா" என்றேன். எனக்குச் சிங்களம் விளங்கும், டொக்டர் ஐயா.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இனி நடந்த பேச்சு எல்லாம் சிங்களத்தில்தான்.

"விளங்கினா நல்லது. உங்க நன்மைக்குத்தான் சொன்னேன். உங்க ஆட்கள் பாதி வைத்தியத்தில போய்விடுறாங்க. நான் இருபது வருஷமா பார்க்கிறேன்."

"போறவங்க ஏன் போறாங்கன்னு கேட்டிருக்கீங்களா ஐயா? ஒரு நாள் மலைக்குப் போகலன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. லீவு கேட்டா, மலையில வேலை வாங்குற கண்டாக்கு ஏசுவாரு. மழைன்னா பஸ் இல்ல. அதையெல்லாம் தாண்டி நான் இங்க வந்து படுத்திருக்கேன். இந்த டீச்சருக்குக் கையால எழுதுற வேலை. எனக்குக் கையால பறிக்கிற வேலை. எங்க அக்காவுக்கு எல்லாத்தையும் எடுத்தாங்க, கை வீங்கி வேலை போச்சு. நான் திரும்பி வரமாட்டேன்னு நீங்களா நினைச்சுக்கிட்டு என் கையை எடுத்துடாதீங்க. என் கை எனக்கு வேணும்."

அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பின்னால் நின்ற தாதி ஒருத்தி என்னைப் பேசாமல் இருக்கும்படி கண்ணைக் காட்டினாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

அவர் என் அட்டையைத் திரும்பவும் புரட்டினார். பிறகு கேட்டார்: "நெறியில நோய் இருந்தா மறுபடி வெட்டணும். வருவீங்களா?"

"வருவேன்."

"மழை பெய்தாலும்?"

"நான் மழையிலதான் ஐயா வேலை செய்யிறேன்."

டீச்சர் தன் கட்டிலில் இருந்தபடி, "டொக்டர், அவங்க வரலன்னா நான் போய்க் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். பெரிய டொக்டர் சிரிக்கவில்லை. அட்டையில் எதையோ வெட்டிவிட்டு வேறு எதையோ எழுதினார். சின்ன டொக்டர் போகும்போது என் காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனது.

ஊசி போட்டது ஒப்பரேஷனுக்கு முந்தின நாள். சன்னல் இல்லாத அறை. மருந்து ஈயத்தில் செய்த கனமான பெட்டிக்குள் இருந்து வந்தது. மார்பில் ஊசி ஏறும்போது குளவி கொட்டியதுபோல இருந்தது. மலையில் குளவியிடம் எத்தனையோ தடவை கொட்டு வாங்கியவள் நான், பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு ஒரு பெரிய கமராவின் அடியில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னார்கள். வேலை செய்கிற ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கமரா என் முகத்துக்குக் கிட்டே இறங்கி வந்து நின்றது. அசையக் கூடாது. என் உடம்புக்குள் அந்தத் துகள்கள் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நோய் போயிருந்தால் அதுவும் இதே வழியில்தான் போயிருக்கும். போயிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. போயிருந்தால் பார்த்துக்கொள்வோம், முதலில் தெரியட்டும் என்றுதான் இருந்தது.

முடிந்ததும், "எனக்குக் காட்டுங்க" என்றேன்.

அந்த ஆள் யோசித்தார். யாரும் அப்படிக் கேட்பதில்லை போல. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். முழுக்க இருட்டு. ஊசி போட்ட இடத்தில் பெரிய வெளிச்சம். அதற்கு மேலே, கொஞ்சம் தள்ளி, கக்கத்தில், தனியாக ஒரு புள்ளி. எதிர் மலையில் யாரோ பீடி பற்றவைத்ததுபோல.

"அதுதான்" என்றார் அவர். தோலின் மேல் அந்த இடத்தில் பேனாவால் ஒரு அடையாளம் போட்டுவிட்டார்.

மறுநாள் வெட்டினார்கள். எழுந்தபோது இடது மார்பு இல்லை. கட்டுக்குக் கீழே கை இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். ஒப்பரேஷன் நேரத்தில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கக்கத்தில் வைத்துத் தேடினார்களாம். நெறிக்குக் கிட்டே போனதும் அது விடாமல் சத்தம் போட்டதாம். அந்த ஒரு நெறியை மட்டும் எடுத்து, வெட்டிப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். சின்ன டொக்டர்தான் இதையெல்லாம் வந்து சொன்னது.

முடிவு வர நாளாகும். தேதி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டீச்சர் என்னைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். இருவருக்கும் ஒரு பக்கம் கட்டு இருந்ததால் பக்கவாட்டில் சாய்ந்து ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொண்டதோடு சரி.

லயத்தில் மார்பு இல்லாமல் முதலில் குளித்தது வீட்டுக்குள்தான். என் வீட்டுக்காரர் தண்ணீர் சுடவைத்துக் கொண்டுவந்து வைத்தார். வெளியே போகப் போனவரை நிறுத்தினேன்.

"பாத்துடுங்க. என்னைக்கா இருந்தாலும் பாக்கத்தானே போறீங்க."

பார்த்தார். தழும்பு அப்போது சிவப்பாக, தையலோடு இருந்தது. "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு முதுகில் தண்ணீர் ஊற்றினார். அதற்குப் பிறகு அந்த வெட்கப் பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை.

முடிவு சொல்கிற தேதிக்கு முந்தின நாள் மழை பிடித்தது. தென்மேற்கு மழை எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் மழைக்குப் படங்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்கினோம், நானும் என் வீட்டுக்காரரும். தவலந்தென்னைக்குப் போகிற வழியில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது, பஸ் போகாது என்றார்கள். கடை வாசலில் நின்றவர்கள் எங்களைத் திரும்பச் சொன்னார்கள்.

"ரோட்டைத் தொறந்ததும் போலாமே. ஆஸ்பத்திரி எங்க ஓடிப்போகுது?" என்றார் கடைக்காரர்.

அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி ஓடாது. நான் வரமாட்டேன் என்று அங்கே ஒருத்தர் எப்போதோ முடிவெடுத்து வைத்திருக்கிறார். அன்று நான் போகாவிட்டால் அது எனக்கு மட்டும் நடக்கிற தோல்வி இல்லை. அடுத்த தடவை என் மாதிரி ஒருத்தி அந்தக் கட்டிலில் படுத்திருக்கும்போது, அட்டையைப் பார்த்துவிட்டு, "போன தடவையும் இப்படித்தான்" என்று சொல்வார்கள்.

நடந்தோம். சரிவு வந்தபோது பார்த்தேன், ரோடு இருந்த இடத்தில் செம்மண் சேறும் வேரோடு புரண்ட மரமும்தான் கிடந்தன. மேலே இன்னும் சின்னக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் முன்னால் காலை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போனார். ஓர் இடத்தில் முழங்கால்வரை புதைந்துவிட்டேன். எழும்ப எதையாவது பிடிக்க வேண்டும். யோசிக்காமல் இடது கையைத்தான் நீட்டினேன். அவர் அதைப் பிடித்து இழுத்தார். தையல் போட்ட இடம் சுரீர் என்றது. கை தாங்கியது. ஒரு செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஏறினோம்.

அங்கே மரக்கறி லொறி ஒன்று வழி இல்லாமல் திருப்பிக்கொண்டிருந்தது. சிங்கள டிரைவர். விஷயத்தைச் சொன்னதும் உதவியாளைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு என்னை முன்னால் உட்கார வைத்துக் கம்பளைவரை கொண்டுவந்து விட்டார். முட்டைக்கோவா மூட்டைக்கு மேல் நனைந்துகொண்டு வந்த என் வீட்டுக்காரர் இறங்கும்போது விறைத்துப்போயிருந்தார். அங்கிருந்து கண்டி பஸ்.

கிளினிக் முடிந்து பெஞ்சுகள் எல்லாம் காலியாகிக் கிடந்தன. கூட்டுகிற அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, உள்ளே சேற்றைக் கொண்டுவராதே என்று ஏசினாள். நான் ஒற்றைச் செருப்பையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். பெரிய டொக்டர் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ரேடியோவில ரோடு மூடினதா சொன்னாங்களே" என்றார்.

"மூடித்தான் இருக்கு ஐயா."

பையை மேசையில் வைத்தார். தாதியைக் கூப்பிட்டு என் அட்டையை எடுத்துவரச் சொன்னார். நின்றுகொண்டே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நெறி சுத்தம். ஒண்ணும் இல்லை. ரெண்டாவது ஒப்பரேஷன் தேவையில்லை. மாத்திரை மட்டும் சில வருஷம் குடிக்கணும்."

வெளியே நின்ற என் வீட்டுக்காரருக்குச் சிங்களம் அவ்வளவு வராது. என் முகத்தைப் பார்த்து என்ன என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுமில்லையாம்" என்று நான் தமிழில் சொன்னதும் அந்த மனிதர் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் வந்திருக்கலாம்" என்றார் பெரிய டொக்டர். அவர் குரலில் முன்னால் இருந்த கடுமை இல்லை.

"வருவேன்னு சொன்னேன், வந்தேன். இனி எங்க தோட்டத்துல இருந்து ஒரு பொம்பள வந்தா, எஸ்டேட் ஆள்னு அட்டையைப் பாத்து முடிவெடுக்காதீங்க ஐயா. அவகிட்டயே கேளுங்க."

அவர் பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பக்கெட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பசித்தது, இரண்டு பேரும் தின்றோம். ஆனால் சின்ன டொக்டர் பிறகு ஒரு தடவை சொன்னது, இப்போதெல்லாம் வார்டில் எல்லாக் கட்டிலிலும் நின்று அவர் கேட்கிறார் என்று. அது எனக்குப் போதும்.

சில மாதம் கழித்து மலைக்குத் திரும்பினேன். கண்டாக்கு என்னைப் பிள்ளைக்காம்பராவுக்குப் போகச் சொன்னார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம், லேசான வேலை என்று. மாட்டேன் என்றேன். முதல் வாரம் கை இழுத்தது, தழும்பு சுண்டியது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி லயத்துச் சுவரில் விரல்களால் ஏறி ஏறிப் பழக்கினேன். மழைக்காலம் முடிவதற்குள் முழுப்பேர் போட்டேன்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கிற நேரம், நான் முன்னால் போய் நின்றேன். ஆண்களும் இருந்தார்கள். வேண்டுமென்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"எனக்கு மாருல புத்துநோய் வந்துச்சு. எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் வாயைத் தொறந்து பேசுறதில்ல. நான் பேசுறேன். மாரை எடுத்துட்டாங்க. கையை எடுக்க விடல. குளிக்கிறப்ப ஒவ்வொருத்தியும் தடவிப் பாருங்க. கட்டி இருந்தா என்கிட்ட வாங்க. துண்டு எழுத வைக்கிறது என் பொறுப்பு."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கண்டாக்குவின் முகம் சிவந்தது.

"இதெல்லாம் பெரட்டுல பேசுற விசயமா? ஆம்பளைங்க நிக்கிறது தெரியல?"

"தெரியுதுங்க. அவங்களுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குதானே? அவங்களும் கேக்கட்டும்."

"போதும், போ! மலைக்குப் போ!"

போனேன். அன்று மத்தியானமே இரண்டு பேர் தேயிலைச் செடிக்கு நடுவில் என்னை மறித்து மெதுவாகக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் பீலிக்கரையில் அது சாதாரணப் பேச்சாகிவிட்டது. டிஸ்பென்சரி ஐயா என்னைத் தூரத்தில் கண்டாலே பேனாவை எடுக்கப் பழகிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு நாள், கண்டாக்குவின் குவாட்டர்ஸில் வேலை செய்கிற பெண் வந்தாள். அந்த வீட்டு அம்மா, கண்டாக்குவின் மனைவி, என்னைக் கொஞ்சம் வந்துவிட்டுப் போகச் சொன்னாராம், பின்பக்கத்து வழியாக, யாருக்கும் தெரியாமல்.

"பின்பக்கத்தால எல்லாம் நான் வர மாட்டேன். அம்மாவ எங்க லயத்துக்கு வரச் சொல்லு. முன்வாசலாலயே வரட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். நல்ல சேலை, கையில் வளையல், நெற்றியில் வியர்வை. உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். உட்கார எங்கள் கட்டிலைத் தவிர வேறு இடம் இல்லை. அதில் நுனியில் உட்கார்ந்தார்.

"அவருக்கு நான் வந்தது தெரியாது" என்றார். "எனக்கு ஒரு இடத்தில..."

"சொல்ல வேணாம்மா. காட்டுங்க" என்றேன்.

சட்டைப் பொத்தானை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் அவசரப்படுத்தவில்லை. சூடான தண்ணீரில் என் கைகளைக் கழுவி, குளிராமல் இருக்கத் தேய்த்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.